எழுப்பிவிடுகிறவள்

"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"எது?"

"சிகரெட்தான். பின்ன பிஸ்கட் பாக்கெட்டையா கேக்கப்போறேன்?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் திருதிருவென்று விழித்தாள். மூச்சை நன்றாக இழுத்து, பதினைந்து எண்ணும்வரை அடக்கி, ஓர் அட்டைக் குழலுக்குள் மெதுவாக ஊதச் சொன்னார்கள். ஊதினாள். கருவியின் சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டே போய் முப்பத்தொன்றில் நின்றது. அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நான் சிகரெட்டக் கையால தொட்டதில்லக்கா. எங்கம்மா மேல சத்தியம்."

"அம்மாவ ஏம்மா நடுவுல கொண்டாற, பாவம் அவங்க என்ன பண்ணாங்க." நர்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டாள். "இந்த ஸ்டூல்ல உக்காந்தவங்க யாருமே பிடிக்கிறதில்ல. மிஷினுக்குத்தான் பொய் சொல்ல வராது."

தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுக்கும் தேர்வு அது. முந்தின நாள் ஓட்டத்தில் நூற்றியிருபது பெண்களில் ஒன்பதாவதாக வந்திருந்தாள். அறுபது கிலோ மணல் பொம்மையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தபோது, விசில் வைத்திருந்த அதிகாரி, "ஏம்மா, அது பொம்மைம்மா, உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடாத" என்று சிரித்தார். அவள் அம்மா தானியக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவள். எடை தோளில் எங்கே உட்கார்ந்தால் நடக்கலாம், எங்கே உட்கார்ந்தால் விழலாம் என்பது அந்த வீட்டில் சோறு மாதிரி பழகிய விஷயம். ஏணியில் மட்டும் கொஞ்சம் திணறினாள். மேல்படியில் இருமல் வந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஓட்டம் முடிந்து அன்றும் நேராகத் தான் வேலை பார்க்கும் கடைக்குப் போய் இரவுவரை நின்றாள்.

மருத்துவர் அவள் எழுதிக் கொடுத்த படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "புகைப்பழக்கம் உண்டா: இல்லை. உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஆறுக்கு மேல வந்தாலே நாங்க கேள்வி கேப்போம். உனக்கு முப்பத்தொண்ணு. ரத்தத்துல அவ்வளவு கரிவாயு இருக்கு. கார்பன் மோனாக்சைடு. கேள்விப்பட்டிருக்கியா?"

"பாடத்துல வந்துச்சு சார்."

"நெருப்புக்குள்ள போறவன் முதுகுல அளந்து கட்டின காத்தோட போறான். உள்ள போன பிறகு உனக்கு மூச்சு பத்தலைன்னா, உன்னக் காப்பாத்த இன்னொருத்தன் உள்ள வரணும். பொய் சொன்னவளுக்காக அவன் ஏன் சாகணும்?" குரல் உயரவில்லை. அதனால் இன்னும் சுட்டது. "அஞ்சு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவ மறுபடி ஊதலாம். அதுலயும் இப்படின்னா படிவத்தக் கிழிச்சிடுவேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓடியிருக்கிறாள். கடைக்கு வண்டியில் போனதில்லை, ஓடித்தான் போனாள். அந்த மிஷின்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது.

மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போனாள்.

கடையில் அவளுக்குப் பெயர் தணல். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கண்ணாடிக் கதவில் 'பழச்சாறு, உணவகம்' என்று எழுதியிருக்கும். உள்ளே வருகிறவர்களில் பழச்சாறு குடிக்கிறவனைத் தேடினாலும் கிடைக்காது. மங்கலான மேசை விளக்குகள், தரையோடு தரையாக மெத்தை இருக்கைகள், ஒவ்வொரு மேசையிலும், தண்ணீர்க் குடுவை வழியாகக் குழாயில் புகை இழுக்கும் ஒரு ஹூக்கா. மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தெருவில் இது ஒன்றுதான் இருந்தது. இப்போது ஐந்து. வகுப்பு முடிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் பை தோளிலிருந்து இறங்காமலே வந்துவிடுவார்கள். சில முகங்களைப் பார்த்தால் கல்லூரிக்கே இன்னும் இரண்டு வருடம் பாக்கியிருக்கும் என்று தோன்றும். அடையாள அட்டை கேட்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. சுவர்தான் கேட்டது, வேறு யாரும் கேட்கவில்லை.

தணலின் வேலை பின்னறையில். மின்னடுப்பில் கரிக்கட்டிகளைச் சாம்பல் பூக்கும்வரை சுட வேண்டும். ஆப்பிள், புதினா, திராட்சை என்று வாசனை ஏற்றிய புகையிலைக் குழைவை மண் கிண்ணத்தில் இறுக்காமல் நிரப்ப வேண்டும். மேலே அலுமினியத் தாளை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டி ஊசியால் துளை போட வேண்டும். இடுக்கியால் மூன்று கரி. அப்புறம்தான் முக்கியமான வேலை. வாடிக்கையாளருக்குக் குளிர்ந்த குழாயைக் கொடுக்கக் கூடாது. முதல் பத்துப் பன்னிரண்டு இழுப்பைக் கடை ஆட்களே இழுத்து, புகை பால் மாதிரி திரண்டு வந்த பிறகுதான் மேசைக்குப் போக வேண்டும். கடையில் அதற்கு 'எழுப்பிவிடுவது' என்று பெயர்.

அன்றைய முதல் குழாயை வாயருகே கொண்டுபோனபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

குழாய் அப்படியே கையில் நின்றது.

மூன்று வருடம். நாளுக்கு நாற்பது குழாய், விடுமுறை நாட்களில் அறுபது. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இழுப்பு. இதை அவள் ஒரு நாளும் புகைப்பதாக நினைத்ததில்லை. புகைக்கிறவன் மெத்தையில் சாய்ந்து, நண்பர்களோடு சிரித்து, வளையம் விட்டு, படம் எடுத்துப் போடுகிறவன். அவள் வேலை பார்க்கிறவள். சமையல்காரன் உப்புப் பார்ப்பதைச் சாப்பிட்டதாக யாராவது சொல்வார்களா?

"என்ன, குழாய்க்கு முத்தம் குடுக்க வெக்கமா இருக்கா?" என்றார் சோப்பு அண்ணன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிற ஆள். கை எப்போதும் நுரையில் இருக்கும், வாய் எப்போதும் அடுத்தவர் விஷயத்தில்.

"அண்ணே, நாம சிகரெட் பிடிக்கிறவங்களா?"

"நானா? சீச்சீ. வாசனையே ஆகாது எனக்கு."

"குழாய எழுப்பிவிடறது?"

"அது வேலைம்மா."

"அதத்தான் நானும் நேத்து மிஷின்கிட்ட சொன்னேன். கேக்கல."

அவர் நுரைக் கையோடு திரும்பிப் பார்த்தார். அவள் எண்ணைச் சொன்னாள். சோப்பு அண்ணன் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தார். பிறகு, "நீ வர்றதுக்கு முன்னாடி நாலு வருஷம் நான்தான் எழுப்பிவிட்டுட்டு இருந்தேன்" என்றார். "மாடி ஏறினா நாய் மாதிரி மூச்சு வாங்குதுன்னு என் வீட்டுக்காரி சொல்றப்ப, வயசாச்சுடின்னு சொல்லிட்டு இருக்கேன். எனக்கு முப்பத்தாறு."

அன்று மாலையே தணல் ஒரு பம்பு வாங்கினாள். காற்று மெத்தைக்குக் காற்றடிக்கிற சின்ன மின்பம்பு. ஒரு துளை ஊதும், இன்னொரு துளை உறிஞ்சும். உறிஞ்சும் துளையில் ரப்பர் குழல் ஒன்றைச் செருகி, அதை ஹூக்காக் குழாயின் வாயில் பொருத்தினாள். முதல் தடவை வேகம் தாங்காமல் குடுவைத் தண்ணீரே மேலேறி அவள் சட்டையை நனைத்தது. சோப்பு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். குழலில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக் காற்றைக் கசியவிட்டாள். மூன்றாவது நாள் சரியாக வந்தது.

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "வாயில வெச்சுப் பாத்தாத்தானே காந்தல் வாசனை தெரியும்? பம்பு வந்து சொல்லுமா, கருகிடுச்சுன்னு?"

"பாத்தா தெரியும் முதலாளி. கருகினா குடுவைல புகை மஞ்சளா வரும். நல்லாருந்தா வெள்ளையா, கனமா அடியில உக்காரும்."

"எவன் சொன்னான்?"

"மூணு வருஷமா பாக்கற என் கண்ணு சொல்லுச்சு."

அவர் ஒரு குழாயை வாங்கி இழுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் ஒரு இழுப்புகூட அவள் வாய்க்குள் போகவில்லை. இருந்தும் மாலையில் தலை விண்ணென்று தெறித்தது. பழக்கம் விடும்போது அப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு நேராக அந்த மருத்துவ அறைக்குப் போய், "அக்கா, சும்மா ஒரே ஒரு தடவ ஊதிப் பாக்கறேன்" என்று கெஞ்சினாள். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே அட்டைக் குழலை மாட்டினாள்.

இருபத்தி நான்கு.

"பரவால்ல, கொறச்சிருக்க."

"கொறைக்கலக்கா! விட்டே விட்டேன்! சுத்தமா விட்டேன்!" குரல் உடைந்தது.

நர்ஸ் அவளருகில் குனிந்து முகர்ந்தாள். "தலைமுடியில பழ வாசனை அடிக்குது. ஏதோ உணவகம்னு எழுதியிருந்தியே. எந்த மாதிரி கடை அது?"

"ஹூக்கா கடை."

பேனாவைக் கீழே வைத்தாள் நர்ஸ். "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? என் தம்பி பொண்ணும் போகுது அந்த மாதிரி எடத்துக்கு. தண்ணி வழியா வடிகட்டி வருது அத்த, அது வெறும் பழம் அத்தன்னு எனக்கே பாடம் எடுக்குது. தண்ணி எதையும் வடிகட்டாதும்மா. புகைய ஆத்தும். ஆறின புகை தொண்டையில உறுத்தாது, ஆழமா இழுக்கலாம். தண்ணி பண்ற உபகாரம் அவ்வளவுதான்."

"இப்ப நான் இழுக்கறதே இல்ல. பம்பு போட்டிருக்கேன்."

"கரி எங்க எரியுது?"

"எங்க அறையில."

"ஜன்னல்?"

"இருக்கு. ஏசி வெளிய போகாம ஸ்டிக்கர் ஒட்டி அடைச்சிருக்காங்க."

நர்ஸ் கையை விரித்தாள். "கரிவாயு புகையிலையிலேர்ந்து மட்டுமா வருது? கரியிலேர்ந்து வருது. வாசனை கெடையாது, நெறம் கெடையாது. நீ வாயில வெச்சா என்ன, பம்புல வெச்சா என்ன, எட்டு மணி நேரம் அதுக்குள்ள நின்னு மூச்சு விடற." மேசையிலிருந்த விரல் கிளிப்பை எடுத்து அவள் விரலில் மாட்டினாள். "பாரு, தொண்ணூத்தெட்டு. இத நம்பினா உனக்கு ஒரு கொறையும் இல்ல. ரத்தத்துல ஏறியிருக்கறது நல்ல காத்தா கரிவாயுவான்னு இதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ரெண்டும் அதுக்குச் செவப்பு. இத நம்பி வீட்டுக்கு அனுப்பினா ஆள் படுக்கையிலயே போயிடும்."

தணல் எழுந்தாள். வாசல் வரை போனவளை நர்ஸ் கூப்பிட்டாள். "ரெண்டு நாள் நல்ல காத்துல இருந்தா இந்த எண் தானா எறங்கிடும். நான் சொன்னேன்னு வெளிய சொல்லாத."

திங்கட்கிழமை சோப்பு அண்ணனிடம் சொன்னபோது அவர் தொடையில் தட்டினார். "அட, இவ்வளவுதானா? பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு நாள் வயித்து வலின்னு லீவு போடு. நல்லா தூங்கு. போய் ஊது. வேலைய வாங்கிட்டு வா. இதுக்கு ஏன் மூஞ்ச உர்ருனு வெச்சிருக்க?"

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. முதலாளியிடம் ஜன்னலைப் பற்றிக் கேட்டுப் பார்த்தாள். "ஜன்னலத் தொறந்தா புகை தெருவுக்குப் போகும், தெரு போலீஸுக்குப் போகும்" என்றார். பின்கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்துவைத்தாள். அவர் வரும்போதெல்லாம் செங்கல்லைக் காலால் தள்ளினார், அவர் போனதும் அவள் மறுபடி வைத்தாள். அந்தச் செங்கல்லுக்கும் முதலாளிக்கும் நடந்த சண்டையில் ஒரு வாரம் போயிற்று. இரண்டு நாள் லீவு, அப்புறம் ஊதுவது. படிவத்தில் எழுதியது எழுதியபடி இருக்கட்டும். அவள் மனதில் கணக்கு முடிந்திருந்தது.

லீவுக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை மதியம், தேர்வு முடிந்த மாணவர்கள் ஒன்பது பேர் வந்து கதவு போட்ட தனியறையைக் கேட்டார்கள். மூன்று குழாய். கதவைச் சாத்தி, ஏசி போட்டு, திரையை இழுத்துவிட்டார்கள். தணல் கரி மாற்றப் போகும்போதெல்லாம் அறை ஒரே வெண்மையாக இருந்தது. மூன்றாவது தடவை போனபோது, பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த ஒல்லிப் பெண் ஒருத்தி, "அக்கா, தலை ரொம்ப வலிக்குது" என்றாள்.

"மொத தடவைன்னா அப்படித்தான் இருக்கும். தண்ணி குடி, சரியாயிடும்" என்றாள் தணல். கடையில் சொல்லிக்கொடுத்த பதில் அது. மூன்று வருடத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று தெரியாது. இடுக்கியால் மூன்று புதுக் கரியை வைத்துவிட்டு வந்தாள்.

பத்து நிமிடத்தில் கழிவறைப் பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது.

கம்பிப்பல் பெண் தரையில் கிடந்தாள். முகம் வெளுக்கவில்லை, நன்றாகத் தூங்குகிறவள் மாதிரி இருந்தது. கூட்டம் கூடிவிட்டது. முதலாளி வந்தார். "காலையில சாப்பிடாம வந்திருக்கும். சர்க்கரைத் தண்ணி கொண்டா. தூக்கி அந்த மெத்தையில போடு. கதவச் சாத்து, எல்லாரும் பாக்கறாங்க."

"ஆம்புலன்ஸ் கூப்பிடணும்" என்றாள் தணல்.

"வாய மூடு. மயக்கத்துக்கெல்லாம் ஆம்புலன்ஸா?"

"இது மயக்கம் இல்ல முதலாளி. கரி."

அவர் காதில் வாங்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் கையில் வந்தது. மயங்கிக் கிடக்கிறவளின் வாயில் அதை ஊற்றப் போனார். தணல் டம்ளரைத் தட்டிவிட்டாள். கண்ணாடி சுவரில் மோதி உடைந்தது. குனிந்து, அந்தப் பெண்ணின் கையைத் தன் கழுத்தைச் சுற்றி எடுத்து, இடுப்பைக் கொடுத்து, தோளில் போட்டு நிமிர்ந்தாள். மணல் பொம்மையைவிட எடை குறைவு. ஆனால் மணல் பொம்மையின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. வாசலில் முதலாளி குறுக்கே நின்றார்.

"தள்ளுங்க."

"எங்க போற நீ?"

"காத்துக்கு."

சோப்பு அண்ணன் பின்னாலிருந்து வந்து முதலாளியின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். நுரை அவர் சட்டையில் ஒட்டியது. ஏழு வருடத்தில் அவர் செய்த முதல் துடுக்கு அது.

நடைபாதையில் பெண்ணைக் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடமாயிற்று. அதற்குள் பெண்ணுக்குக் கண் பாதி திறந்தது, வாந்தி எடுத்தாள். உதவியாளர் இறங்கி வந்து முதல் வேலையாக விரலில் கிளிப்பை மாட்டினார்.

"தொண்ணூத்தெட்டு. நல்லாத்தான் இருக்கு. என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் சாப்பிடல, அதான் மயக்கம்" என்றார் முதலாளி.

"புகை பிடிச்சாங்களா?"

குதிரைவால் போட்ட தோழி ஒருத்தி முந்திக்கொண்டாள். "இல்ல அங்கிள், அவ பிடிக்கவே மாட்டா. சும்மா எங்ககூட உக்காந்திருந்தா. அவங்க வீட்டுல ரொம்ப ஸ்டிரிக்ட் அங்கிள்."

பிடிக்கவே மாட்டாள். இல்லை. தன் கையெழுத்தில் தானே எழுதிய சொல், வேறொருத்தி வாயிலிருந்து வந்தது. உதவியாளர் அதைத் தாளில் எழுதப் பேனாவை எடுத்தார். அவர் எழுதிவிட்டால் இந்தப் பெண் மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பாள், அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படுப்பாள்.

"எழுதாதீங்க சார்" என்றாள் தணல். "இந்தப் பொண்ணு ஹூக்கா இழுத்தா. ஒன்றரை மணி நேரம், மூடின ரூம்ல. மூணு தடவ கரி மாத்தினாங்க. மாத்தினது நான்தான். தலை வலிக்குதுன்னு சொல்லுச்சு, நான்தான் தண்ணி குடின்னு சொல்லிட்டு வந்தேன். அந்தக் கிளிப்புக்குக் கரிவாயு தெரியாது சார். மொதல்ல மாஸ்க்கப் போடுங்க."

உதவியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கரி படிந்த விரல்கள், கழுத்தில் தொங்கிய ஏப்ரன். ஆக்சிஜன் உருளையைத் திறந்து முகமூடியை மாட்டினார். "மத்த எட்டுப் பேரும் எங்க? எல்லாரையும் வெளிய கூப்பிடு. தலைவலி இருக்கறவங்க வண்டியில ஏறுங்க."

மூன்று பேர் ஏறினார்கள். குதிரைவாலும் ஏறினாள், அழுதுகொண்டே. உதவியாளர் நீட்டிய தாளில் தணல் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதலாளி அவள் கழுத்திலிருந்த ஏப்ரனைக் காட்டி, "அதக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தலைகாட்டாத" என்றார். கழற்றினாள். மடித்துத்தான் கொடுத்தாள்.

வீட்டில் அம்மா தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேல போச்சும்மா."

"ஏன்?"

சொன்னாள். எதையும் விடாமல், நாற்பது குழாய், பன்னிரண்டு இழுப்பு எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னாள். அம்மா துணியைத் தண்ணீரில் போட்டாள்.

"அந்தப் புள்ள?"

"பொழச்சுக்கிச்சு. நாலு மணி நேரம் ஆக்சிஜன் வெச்சாங்களாம், சோப்பு அண்ணன் போன் பண்ணாரு."

"அப்ப சரி." அம்மா துணியை எடுத்துப் பிழிந்தாள். "நான்தான் தூசியத் தின்னு பொழைக்கிறேன், எம் பொண்ணு ஏசி ரூம்ல நிக்கிறான்னு கிடங்கு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். மூணு வருஷமா சொன்னேன். எவளாவது ஒருத்தி கேட்டிருக்கலாமே, உள்ள என்னடி காத்து இருக்குன்னு."

"நானே கேக்கலியேம்மா."

"நாளைக்கு என்கூடக் கிடங்குக்கு வரேன்னு மட்டும் சொல்லிடாத, வெளக்குமாத்தால அடிப்பேன். தூசி உனக்கு ஆகாது இனிமே. வேற பாரு."

குறித்த நாளன்று தணல் மறுபடி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஊதினாள். எண் இரண்டில் நின்றது. நர்ஸ் புருவத்தை உயர்த்திச் சிரித்தாள். "லீவு போட்டியா?"

"இல்லக்கா. வேல போயிடுச்சு."

மருத்துவர் பழைய படிவத்தை எடுத்து நீட்டினார். "எண் சரியாயிருக்கு. இதுல ஏதாவது மாத்தணுமா, இல்ல இப்படியே மேல அனுப்பட்டுமா?"

இப்படியே அனுப்பினால் வேலை. அது அறையிலிருந்த மூவருக்கும் தெரியும். தணல் பேனாவை வாங்கி, 'இல்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: உண்டு. மூன்று வருடம். நாளுக்கு நாற்பது ஹூக்கா, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு இழுப்பு. புகை வெளியே போகாத அறையில் எட்டு மணி நேரம்.

மருத்துவர் இரண்டு தடவை படித்தார். "இத எழுதினா நான் நுரையீரல் டெஸ்ட்டுக்கு அனுப்பியே ஆகணும். தெரியுமா?"

"அனுப்புங்க சார்."

"எண் ரெண்டு நாள்ல எறங்கும். நுரையீரல் அப்படி எறங்கி ஏறாது."

"தெரியாம உள்ள போயி, ஏணியில எனக்கு மூச்சு முட்டினா இன்னொருத்தர் வரணும்னு நீங்கதான சொன்னீங்க. அதையும் அளந்து பாத்துடலாம்."

பெரிய கருவி வேறு அறையில் இருந்தது. மூக்கில் கிளிப் போட்டு, "இழு, இழு, இழு, இப்ப ஊது, விடாத, விடாத" என்று ஒரு பெண் கத்தினாள். மூன்று தடவை ஊதியதில் கண்ணில் பூச்சி பறந்தது. அவள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய மூச்சில் எண்பது சதவீதமாவது வேண்டும். எழுபத்தி நான்கு வந்தது.

மருத்துவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்கைத் தேய்த்தார். "இந்தத் தடவ எடுக்க முடியாதும்மா."

அவள் தலையாட்டினாள். "ஏறுமா சார்?"

"ஏறும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நீ சின்ன வயசு. இனிமே புகை, தூசி பக்கம் போகாம, தெனமும் மூச்சு வாங்க வேல செஞ்சா ஏற வாய்ப்பிருக்கு. அடுத்த தேர்வு ஆறு மாசத்துல."

"எந்தத் தேதி?"

"இன்னும் போடல."

"உத்தேசமா சொல்லுங்க சார். எண்ணிக்கிறதுக்கு ஒரு நாள் வேணும்."

அவர் நாட்காட்டியைப் புரட்டி ஒரு தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழைய படிவத்தைக் கிழிக்கவில்லை. அவள் அடித்துத் திருத்திய பக்கம் மேலே தெரியும்படி கோப்பில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் கடைக்குப் போனாள். முதலாளி இல்லாத நேரம் பார்த்துத்தான் போனாள். அந்தப் பெண் விழுந்ததை விசாரிக்க அதிகாரிகள் வந்துபோன பிறகு ஒரு ஜன்னலில் மட்டும் ஸ்டிக்கரைப் பிய்த்திருந்தார்கள், அதுவும் பாதி. பின்னறையில் புதிதாக ஒருத்தி இருந்தாள், இருபது வயது இருக்கும். குழாய் அவள் வாயில் இருந்தது.

"நீ புகை பிடிப்பியா?" என்று கேட்டாள் தணல்.

"ஐயோ, இல்லக்கா. இது வேலைக்கு."

தணல் அலமாரி மேலிருந்து தன் பம்பை எடுத்துத் துடைத்து அவள் முன்னால் வைத்தாள். எப்படிப் பொருத்துவது என்று காட்டினாள். பிறகு முப்பத்தொன்று, இருபத்தி நான்கு, எழுபத்தி நான்கு, மூன்றையும் சொன்னாள். "பம்பு பாதிதான் காப்பாத்தும். மீதிக்கு வேற வேல தேடு. தேடற வரைக்கும் பின்கதவத் தொறந்து வை. அவரு சாத்துவாரு, நீ தொற." அந்தப் பெண் குழாயைக் கீழே வைத்துவிட்டு வாயைப் புறங்கையால் துடைத்தாள். சோப்பு அண்ணன் போய்ப் பின்கதவை அகலத் திறந்தார்.

தண்ணீர் கேன் போடும் வண்டியில் தணலுக்கு வேலை கிடைத்தது. இருபது லிட்டர் கேன். பெரும்பாலும் பழைய அடுக்குமாடிகள்; லிஃப்ட் இருக்கும், ஓடாது. ஓடுகிற லிஃப்ட்டிலும் அவள் ஏறவில்லை. வண்டிக்காரர் முதல் நாள் தலையில் அடித்துக்கொண்டார், "உனக்கென்ன பைத்தியமா? கரண்ட் அவங்களோடது!" பத்தாம் நாள் கேட்பதை விட்டுவிட்டார்.

முதல் வாரத்தில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். மூன்றாவது வாரம் மூன்றாவது மாடியில் நின்றாள். ஐந்தாவது வாரம் மறுபடி இரண்டாவது மாடியிலேயே நின்றுவிட்டாள். அன்று கைப்பிடிச் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள், முட்டி தோலுரிந்தது. ஏழாவது வாரம் நான்காவது மாடிக்கு நிற்காமல் வந்தாள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரர் அவள் வாய் பிளந்து மூச்சு வாங்குவதைப் பார்த்துப் பதறினார். "ஏம்மா, லிஃப்ட்தான் ரிப்பேராச்சே. கீழயே வெச்சிட்டுப் போயிருக்கலாமே. இன்னொரு கேனையாவது கீழ வை, சாயங்காலம் பையன விட்டு எடுத்துக்கறேன்."

"வேணாங்க." மூச்சு வந்து சேரக் காத்திருந்தாள். சட்டைப்பையில் தேதிச் சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது; அந்தத் தேதிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. "நானே ஏத்தறேன்."

காலிக் கேனைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்ததை எடுக்க இறங்கினாள்.